சான்றிதழ் நமக்கு, நாற்காலி யாருக்கு?

எங்க தலைமுறையை விடியக்காலம் எழுப்பியது சேவல் இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் வண்டியின் ஹார்ன். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, திருவேங்கடம், குருவிகுளம் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் வளர்ந்த எவனைக் கேட்டாலும் சொல்வான். இருட்டோடு இருட்டாகக் காலனி முக்கில் வண்டி வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தாய்மார் இடுப்பில் தூக்கிவந்து ஏற்றுவார்கள். குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட. பொழுதடைந்து திரும்பும்போது பிள்ளையின் விரல் நுனியில் மருந்து நாற்றம் ஒட்டியிருக்கும். அதற்கும் ஒரு கௌரவமான பெயர் வைத்திருந்தார்கள்: ‘தொழில் பழகுது’.

1996 டிசம்பரில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்திருந்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்த வண்டி மெல்ல மெல்ல நின்றது. நின்ற இடத்திலேயே இன்னொரு வண்டி வந்தது. நூற்பாலை வேன். இப்போது குழந்தைகள் வேண்டாம், குமரிகள் வேண்டும். மூணு வருசம் மில் விடுதியில் அடைந்து கிடக்கணும். முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. நடுவில் உடம்பு முடியாமல் வீடு திரும்பினால் அந்தத் தொகை கிடையாது. ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்களகரமாகப் பெயர். கோவை, திருப்பூர், திண்டுக்கல் மில்களுக்குத் தென்மாவட்டங்களில் இருந்து அள்ளிக்கொண்டு போன பெண்களில் பெரும்பங்கு நம் தெருப் பெண்கள். 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இதை அறிக்கையாக வெளியிட்ட பிறகுதான் வெளிநாட்டுத் துணிக்கடைக்காரனுக்கு உறுத்தியது. அந்தப் பெண்களையும் தொழிலாளி என்று கணக்கில் எழுதவில்லை. என்ன எழுதினார்கள்? ‘பழகுநர்’.

இப்போது மூணாவது வண்டி வருகிறது, தோழர்களே. ஹார்ன் அடிப்பதில்லை. கண்ணாடி ஏற்றிய வெள்ளைக் கார். கல்லூரி வாசலில் வாழைமரம் கட்டி வரவேற்கிறார்கள். ‘புரிந்துணர்வு ஒப்பந்தம்’ என்று பிளக்ஸ் தொங்குகிறது. முதல்வர் ஒரு கையெழுத்து, கம்பெனிக்காரர் ஒரு கையெழுத்து, நடுவில் பூச்செண்டு. புரிந்தது யாருக்கு, உணர்வு யாருக்கு என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

●

என் அக்கா மகள் பி.எஸ்சி. இயற்பியல். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். எண்பத்திரண்டு சதவிகிதம். கல்லூரிப் பெயர் இங்கே வேண்டாம். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் கதை இதேதான். போன வருசம் அங்கே ‘வளாக நேர்காணல்’ நடந்தது. புதுச் சுடிதார், கடன் வாங்கிய செருப்பு, பிளாஸ்டிக் உறைக்குள் மதிப்பெண் பட்டியல். சாயங்காலம் வந்து சொன்னாள்.

“இயற்பியல்ல ஒரு கேள்வி கூடக் கேக்கல மாமா.”

“வேற என்னத்தக் கேட்டாவ?”

“அப்பா என்ன செய்றாருன்னு கேட்டாவ. கூலி வேலைன்னேன். எந்த ஊருன்னு கேட்டாவ. சொன்னேன். அங்க எந்தத் தெருன்னு கேட்டாவ.”

“சொன்னியா?”

“சொல்லாம? பொய்யா சொல்ல முடியும்?”

எந்தத் தெரு! திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்வியின் பொருளை விளக்கவேண்டியதில்லை. சாதியைக் கேட்டால் சட்டம் பாயும். தெருவைக் கேட்டால் பாயாது. அதற்கப்புறம் அந்த ஆள் ரொம்பக் கனிவாகப் பேசினாராம். “மில்லுல டிரெய்னியா சேர்ந்துக்கம்மா. விடுதி இருக்கு, சாப்பாடு இருக்கு. படிச்ச புள்ள, சூப்பர்வைசரா வந்துரலாம்.” அதே வகுப்பில் அறுபத்தொன்று எடுத்த உரக்கடைக்காரர் மகனுக்குச் சென்னையில், ஏசி அறையில், மேசை வேலைக்குப் பயிற்சி. இரண்டு பேருக்கும் ஒரே ‘தொழில் கூட்டாளி’, ஒரே மாதிரி சான்றிதழ், கல்லூரிப் பட்டியலில் இரண்டு பேருமே ‘வேலைவாய்ப்புப் பெற்றோர்’. நூறு சதவிகித வேலைவாய்ப்பு என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. அந்த நூறில் ஒன்று என் மருமகள். அவள் போகவில்லை என்பது விளம்பரத்தில் இல்லை.

இது ஒரு பெண்ணின் ஆற்றாமை, இதை வைத்துப் பொதுவாகப் பேசலாமா என்று சில நடுநிலைவாதிகள் கேட்பார்கள். பேசலாம். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துப் படியுங்கள். 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே படிப்பு, ஒரே தகுதி. பெயர் மட்டும் வேறு: ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு நேர்காணல் அழைப்பு கிடைக்கும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. முகம் பார்க்கவில்லை, குரல் கேட்கவில்லை. வெறும் பெயர். அதே ஆண்டு ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தில்லிப் பக்கத்துக் கம்பெனி மேலாளர்களிடம் போய்ப் பேசினார்கள். ‘நாங்கள் தகுதியை மட்டும்தான் பார்ப்போம்’ என்று சொன்ன அதே வாய்கள், ஆள் எடுக்கும்போது ‘குடும்பப் பின்னணி’ கேட்பதை மறைக்கவில்லை. தில்லியில் ‘குடும்பப் பின்னணி’. சங்கரன்கோவிலில் ‘எந்தத் தெரு’. மொழிதான் வேறு.

●

படிப்பையும் பிழைப்பையும் இணைக்கணும் என்பது புதுச் சரக்கு இல்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளை மூணு மணி நேரம் பள்ளிக்கூடத்தில் இரு, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றார். செருப்புத் தைக்கிறவன் மகன் செருப்பு, சிரைக்கிறவன் மகன் கத்தி. குலக்கல்வி என்று பெயர் வைத்துத் தமிழ்நாடே கொதித்தது. 1954இல் ராஜாஜி போனார், காமராசர் வந்தார், திட்டம் குப்பைக்குப் போனது.

போனதா? 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. பதினெட்டுத் தொழில்கள்: முடிதிருத்துதல், சலவை, செருப்பு, கூடை-துடைப்பம், மண்பாண்டம் என்று போகிறது பட்டியல். வயது பதினெட்டு ஆனால் போதும். குடும்பவழித் தொழிலாக இருக்கணும். குரு-சிஷ்யப் பரம்பரையை வலுப்படுத்துவதாம். பதினெட்டு வயது கல்லூரியில் சேரும் வயதல்லவா? அந்த வயதில் கடன் கொடுத்து அப்பன் கத்தியையே மகன் கையில் திணிப்பதற்குப் பெயர் என்ன? தமிழக அரசு அதை அப்படியே ஏற்க மறுத்தது. குறைந்தபட்ச வயதை 35 ஆக்கு, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடு என்றது. அது சரிதான், வரவேற்போம்.

2020இன் தேசியக் கல்விக் கொள்கையில் இன்னொரு அழகு இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகள் பத்து நாள் பை இல்லாமல் போய் உள்ளூர்த் தொழில் வல்லுநர்களிடம் பழகணுமாம். தச்சர், தோட்டக்காரர், குயவர் என்று உதாரணமும் சொல்கிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ‘உள்ளூர்’ என்பது என்ன? 2022 செப்டம்பரில் நம்ம சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில் என்ன நடந்தது? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கக் கடைக்குப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குக் கிடையாது, வீட்டில் போய்ச் சொல்லு என்று அனுப்பிவிட்டார் கடைக்காரர். அனுப்பியதோடு நில்லாமல் அதைப் படமும் எடுத்துப் பரப்பினார்கள். கைது நடந்தது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. காசு கொடுத்தாலும் மிட்டாய் தராத ஊரில், எங்க பிள்ளைக்கு எந்த ‘உள்ளூர் வல்லுநர்’ தொழில் கற்றுத்தரப் போகிறார்? தருகிறவர் ஒருவர் இருக்கிறார்: அதன் அப்பன். என்ன தொழில் என்று சொல்லவேண்டியதில்லை.

ஒன்று செய்வோமா? பை இல்லாத அந்தப் பத்து நாளும் காலனிப் பிள்ளை வங்கிக்கும் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்கும் போகட்டும். பெரிய தெருப் பிள்ளை நகராட்சித் துப்புரவு வண்டியோடு தெருத்தெருவாய்ப் போய்ப் பழகட்டும். தொழிலில் உயர்வு தாழ்வு இல்லை என்றுதானே பாடம் நடத்துகிறீர்கள்? முகம் ஏன் சுளிக்குது?

●

‘அப்போ நம்ம பிள்ளைகளுக்கு வேலையே வேண்டாங்கிறீரா?’ என்று தம்பிமார் கேட்பது காதில் விழுகிறது. வேண்டும். பயிற்சியும் வேண்டும், பட்டறையும் வேண்டும், கம்பெனியும் வேண்டும். இதை நமக்குச் சொல்லித்தர எந்த முதலாளி சங்கமும் தேவையில்லை. 1942 அக்டோபரில், வைஸ்ராய் சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர், தாழ்த்தப்பட்டோர் குறைகளைத் தொகுத்து ஒரு மனு கொடுத்தார். அதில் என்ன கேட்டார்? அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாய் உதவித்தொகை. வெளிநாட்டுப் படிப்புக்கு ஒரு லட்சம். அதோடு அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளைப் பழகுநர்களாகச் சேர்க்கணும். 1944இல் தொடங்கிய மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகை அந்தப் போராட்டத்தின் பலன்; நம்மில் பாதிப்பேர் படித்தது அந்தக் காசில்.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். செருப்பையும் துடைப்பத்தையும் நவீனப்படுத்திக் கொடு என்று அம்பேத்கர் கேட்கவில்லை. அந்தக் காலத்தின் மிகப் புதிய எந்திரம் எங்கே ஓடியதோ அங்கே இடம் கேட்டார். தலையெழுத்தை மாற்ற அச்சகத்தையும் ஊரை விட்டு ஓட ரயிலையும் கேட்டார். அவர் கேட்டது அப்பன் தொழிலில் இருந்து வெளியேறும் வாசல். இவர்கள் தருவது அப்பன் தொழிலுக்கே திரும்பும் சுற்றுப்பாதை.

நம்ம தென்காசி மாவட்டத்திலேயே ஒரு புது எந்திரம் ஓடுகிறது. மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ மென்பொருள் அலுவலகம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் கட்டணம் இல்லாமல், மாதம் உதவித்தொகை கொடுத்துக் கற்றுத்தந்து வேலையிலும் சேர்க்கிற பள்ளியை அந்தக் கம்பெனியே நடத்துகிறது. பட்டம் கேட்காமல் ஆள் எடுப்பது நல்ல காரியம். அதை மறுத்துப் பேசுவது பொறாமை. ஆனால் கேள்வி ஒரு கம்பெனியைப் பற்றியது அல்ல. பள்ளியை முதலாளி நடத்தும்போது, யாரைச் சேர்ப்பது என்பதும் முதலாளி விருப்பமாகிவிடுகிறது. அரசுக் கல்லூரி வாசலில் நூற்றுக்குப் பதினெட்டு இடம் நமக்கென்று சட்டம் காவல் நிற்கிறது. தனியார் பயிற்சிப் பள்ளி வாசலில் யார் காவல்? நல்ல மனசு. நல்ல மனசை நம்பி மூவாயிரம் வருசம் காத்துக் கிடந்தவர்கள் நாம். போதும்.

●

‘தனியாரில் இடஒதுக்கீடா? அது எப்படி முடியும்? தகுதி, திறமை…’ என்று வாய் பிளக்கிறார்கள். 2002இல் போபால் பிரகடனம் கேட்டது. 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி குறைந்தபட்சத் திட்டத்தில் எழுதியது. முதலாளிகள் ‘நாங்களே மனமுவந்து செய்வோம்’ என்று நடத்தை விதி எழுதிக்கொண்டு கதையை முடித்தார்கள்.

ஆனால் நம் தோழர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 3ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அறிவிக்கப்பட்ட தொழில் ஒவ்வொன்றிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை முதலாளி ஒதுக்கவேண்டும் என்கிறது. முதலாளி என்றால் அரசு மட்டும் இல்லை, தனியாரும்தான். தனியார் ஆலைக்குள் இடஒதுக்கீடு என்ற தத்துவத்தை இந்த நாட்டின் சட்டம் எப்போதோ ஏற்றுக்கொண்டாயிற்று. நாம்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

நாம் புரட்டவில்லை, அவர்கள் புரட்டினார்கள். 2014இல் திருத்தம் வந்தது. ‘விருப்பத் தொழில்’ என்று ஒரு புது வகை. அது என்ன தொழில், என்ன பாடம் என்பதை நிறுவனமே தீர்மானிக்கும். 3ஏ பேசுவது அறிவிக்கப்பட்ட தொழிலைப் பற்றி. விருப்பத் தொழில் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறது. வாசலில் காவல் போட்டால் கொல்லைப்புறம் கதவு. சட்டத்தை மீறிய முதலாளிக்கு ஜெயில் என்று இருந்ததையும் அதே திருத்தம் எடுத்துவிட்டு அபராதம் மட்டும் வைத்தது. பயிற்சி முடித்தவனுக்கு வேலை தரவேண்டிய கட்டாயம் முன்பும் இல்லை. இப்போது ஆள் எடுக்கும் கொள்கையை ஒவ்வொரு முதலாளியும் தானே வகுத்துக்கொள்ளலாம். 18ஆம் பிரிவோ பழகுநர் தொழிலாளியே அல்ல என்கிறது. தறிமேல் நிற்பான், தொழிலாளி அல்ல. எண்ணெய்க் கறையோடு வீட்டுக்கு வருவான், தொழிலாளி அல்ல.

காசு யாருடையது? 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனம் கட்டாயம் பழகுநர் எடுக்கணும், மொத்த ஆளில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை, என்று 2019இல் விதி வந்தது. பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று அப்போது நிர்ணயித்தார்கள். 2016இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, அரசே ஏற்றது. கல்லூரிக் கட்டிடம் மக்கள் பணம், பேராசிரியர் சம்பளம் மக்கள் பணம், பயிற்சிப் பணத்திலும் மக்கள் பங்கு. மாநில அரசு 2022 மார்ச் 1இல் ‘நான் முதல்வன்’ தொடங்கியது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்குத் திறன் பயிற்சி என்றது. 71 அரசு ஐடிஐகளில் டாடா டெக்னாலஜீஸ் கூட்டோடு புது எந்திரங்கள் வந்தன. நல்லது. அந்த எந்திரத்தின் முன்னால் நம் பிள்ளையும் நிற்கிறது. ஐடிஐ சேர்க்கையில் இடஒதுக்கீடு இருக்கிறதே. ஆனால் பயிற்சி முடிந்த மறுநாள்? கம்பெனி வாசலில் ரோஸ்டர் கிடையாது. அரசாங்க வாசல் வழியாக உள்ளே போன பிள்ளை முதலாளி வாசல் வழியாக வெளியே வருகிறது. கையில் சான்றிதழ் இருக்கிறது. நாற்காலி இல்லை.

●

நம்மையும் கொஞ்சம் திட்டிக்கொள்வோம். அரசு வேலை சுருங்கிக்கொண்டே போகும்போது அரசு வேலை இடஒதுக்கீட்டை மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். துப்புரவு முதல் ஓட்டுநர் வரை ஒப்பந்தக்காரன் கைக்குப் போனபோது தாமதமாக விழித்தோம். சங்கரன்கோவில் எத்தனையோ தேர்தல்களாகத் தனித்தொகுதி. நம் ஓட்டில் ஜெயித்துப் போன எந்தக் கட்சிக்காரரிடமாவது ‘3ஏ என்னாச்சு?’ என்று கேட்டோமா? ஊருக்குள் தறிச்சத்தம் ராப்பகலாய்க் கேட்கிறது. தார் சுற்றுகிற கை யாருடையது, பாவுக்கு முதல் போடுகிற கை யாருடையது என்று கணக்கெடுத்தோமா? மில்லுக்குப் போனது பெண்பிள்ளைகள் என்பதால் ஆண் தலைவர்கள் நமக்கு அது ‘மகளிர் பிரச்சினை’யாகிவிட்டது. நமக்குள்ளேயே அருந்ததியர் வீட்டுப் பிள்ளைக்கு ‘பயிற்சி’ என்றால் வாளியும் துடைப்பமும்தான் என்பதை எத்தனை கூட்டத்தில் பேசினோம்? இந்தக் கேள்விகளில் என் பங்குப் பழியும் இருக்கிறது. எங்கள் தெருவில் மில் வேன் ஏறிய பெண்களின் பெயர் எனக்குத் தெரியும். ஒருத்தியையும் நான் தடுத்ததில்லை.

இனி என்ன செய்யலாம்?

ஒன்று: அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எந்தக் கம்பெனி வந்தது, பட்டியல் சாதி மாணவர் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள், என்ன பதவி, என்ன சம்பளம்? மொத்த எண்ணிக்கை வேண்டாம். பிரித்த கணக்கு வேண்டும். பத்து ரூபாய்ச் செலவு. ஒவ்வொரு துறையிலும் ஒரு மாணவர் போட்டால் போதும், பிளக்ஸ் கிழியும்.

இரண்டு: 3ஏ பிரிவை அமல்படுத்து. விருப்பத் தொழிலுக்கும் அதை விரி. மக்கள் பணத்தில் ஒரு ரூபாய் வாங்கினாலும் இனவாரிச் சுழற்சிமுறை கட்டாயம் என்று ஒவ்வொரு புரிந்துணர்வு ஒப்பந்தத்திலும் எழுது.

மூன்று: விண்ணப்பப் படிவத்தில் தகப்பன் தொழில் எதற்கு? நேர்காணலில் தெரு எதற்கு? அந்தக் கேள்வியைக் கேட்டவனை மறுவருசம் வளாகத்துக்குள் விடாதே.

நான்கு: பெண்பிள்ளைகளை மில் விடுதிக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் எந்தக் கல்லூரியும் கையெழுத்துப் போடக்கூடாது. போட்டால், சம்பளச் சீட்டு, விரும்பியபோது வெளியே போகும் உரிமை, பாலியல் புகார்க் குழு மூன்றும் இருக்கிறதா என்று கல்லூரியே பதில் சொல்லட்டும்.

●

சங்கரநாராயணர் கோயில் உள்ள ஊர் இது. சங்கரன் பாதி, நாராயணன் பாதி என்று ஒரே உடம்பில் காட்டுவார்கள். கல்லூரி பாதி, கம்பெனி பாதி என்று இப்போது ஒரு புதுச் சிலை செய்திருக்கிறார்கள். ஆடித்தபசுக்கு லட்சம் பேர் கூடிக் கும்பிட்டுப் போகட்டும். நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நம்ம பாதி எங்கே?

என் மருமகள் இப்போது போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்திருக்கிறாள். போன வாரம் அந்த நேரத்தில் தெருமுக்கில் மில் வேன் வந்து நின்றதாம். ஜன்னலைத் திறந்து பார்த்தாளாம். “எதுத்த வீட்டுப் புள்ள பையத் தூக்கிட்டு நின்னுச்சு மாமா. பிளஸ் டூல என்னைய விட நல்ல மார்க்கு. நான் போயி கையப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். டிரைவர் கத்துனான். கத்தட்டும்.”

நான் செய்யாததை அவள் செய்துவிட்டாள். ஒரு பெண் ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். இயக்கம் என்று நாம் பெயர் வைத்திருக்கிறோமே, அது எத்தனை கைகளைப் பிடிக்கப் போகிறது? நாளையும் நாலு மணிக்கு வேன் வரும். நாம் எத்தனை மணிக்கு எழுந்திருப்போம், தோழர்களே?